சான்றுக்குக் கூலி தருபவர் யார்?

ஒருவர் பொய் சொன்னால் பழி அவரையே சேரும் என்பது நாம் சிறுவயதில் கற்ற பாடம். ஆனால், பொய் சொன்னால்தான் பிழைக்கலாம் என்ற நிலையில் அவரை நிறுத்தியவருக்கு அப்பழியில் பங்கில்லையா? குஜராத்தின் புகைபோக்கிகள் இக்கேள்வியை நம்முன் வைக்கின்றன.

ஆலைகளின் மாசினைத் தணிக்கையாளர் அளந்து அறிக்கை தரும் முறை, உயர் நீதிமன்ற ஆணையால் 1996-இல் அங்கு வந்தது. நோக்கம் நல்லதே. ஆயினும், அந்நாளில் தணிக்கையாளரைத் தேர்ந்தெடுத்தவரும் ஊதியம் கொடுத்தவரும் ஆலை உரிமையாளரே. உண்மையை எழுதினால் மறு ஆண்டு வேலை நிலைக்குமா? வெளியேறும் புகையின் ஒரு கன மீட்டரில் 150 மில்லிகிராம் தூசு என்பது வரம்பு. அறிக்கைகளின் எண்களோ அதற்குச் சற்றுக் கீழே வந்து குவிந்தன.

2009 முதல் ஈராண்டுகள், எஸ்தர் டுஃப்லோ முதலிய பொருளியல் அறிஞர் நால்வர் 473 ஆலைகளில் ஆய்வு நடத்தினர். பழைய முறைப்படி, தூசு வரம்பை மீறியவை நூற்றுக்கு 7 என்றன அறிக்கைகள். மறு அளவீட்டில் தெரிந்தவை 59. ஆலைகளில் ஒரு பகுதிக்கு மட்டும் முறை மாற்றப்பட்டது. தணிக்கையாளர் குலுக்கலில் அமர்த்தப்பட்டனர். ஊதியம் பொது நிதியிலிருந்து வந்தது. அளவீடுகள் சில மீண்டும் சரிபார்க்கப்பட்டன. அங்கே பொய்யான நற்சான்றுகள் ஏறத்தாழ 80 விழுக்காடு குறைந்தன, மாசும் குறைந்தது.

இரு முறைகளிலும் ஒரே காலத்தில் பணியாற்றிய தணிக்கையாளரும் இருந்தனர். ஓர் ஆலையில் மெய் எழுதிய கை வேறோர் ஆலையில் பொய் எழுதியது. அப்படியானால் நேர்மை வெறும் கூலிக் கணக்குத்தானா? அன்று. கூலி நேர்மையைப் படைப்பதில்லை. நேர்மையாளர் செலுத்தவேண்டிய விலையைக் கூட்டவோ குறைக்கவோ செய்கிறது. துணிந்தவர் சிலர் அவ்விலையை எந்நாளும் செலுத்துவர். எனினும், அத்துணிவை எல்லாரிடமும் எதிர்பார்த்து ஓர் ஏற்பாட்டை அமைப்பது அறமாகாது.

தண்டனையைக் கடுமையாக்கினால் போதாதா என்பாருமுண்டு. 1981-ஆம் ஆண்டின் காற்றுச் சட்டம் அந்நாளில் குறைந்தது ஒன்றரை ஆண்டுச் சிறையை விதித்திருந்தது. அக்கடுமையின் நிழலில்தான் அப்பொய் அறிக்கைகள் எழுதப்பட்டன. அளவே பொய்யெனில் தண்டனை யாரைத் தேடிச் செல்லும்? முதலாளிக்குச் செலவு மிச்சம். அச்செலவை ஆலையருகே வாழும் ஏழையின் நுரையீரல் செலுத்துகிறது.

பொய்யுரைத்தவர் குற்றமற்றவர் என்று நான் கூறவில்லை. அவரைக் கண்டிக்கும் நாம், அவரை அங்கே நிறுத்திய ஏற்பாட்டைக் காணாமல் போகலாகாது என்கிறேன். நம் சங்கங்களிலும் பள்ளிகளிலும் கணக்குப் பார்ப்பவரை யார் அமர்த்துகிறார், யார் ஊதியம் தருகிறார் என்று கேட்பது அவநம்பிக்கையன்று. உண்மை பேச விரும்பும் ஒருவருக்கு நாம் செய்யும் உதவி அது.