அரைக் கட்டைக்கும் குறைவு

விழுப்புரத்தில் ஜாஸ் கேட்பவர்களைத் திரட்டினால் ஒரு ஷேர் ஆட்டோகூட நிறையாது. இசைத்தட்டு சேர்ப்பவர்கள் கதை வேறு. திண்டிவனம், மயிலம், விக்கிரவாண்டிப் பக்கம் பழைய மைக்செட்காரர்கள் வீட்டுப் பரணில் இன்னமும் தட்டுகள் இருக்கின்றன. கல்யாணம், காதுகுத்து, கூழ் ஊற்றும் திருவிழா என்று தென்னை மரத்தில் புனல் ஸ்பீக்கர் கட்டி, சீர்காழி கோவிந்தராஜனின் பிள்ளையார் பாட்டில் தொடங்கி ஊரையே எழுப்பியவர்கள். தட்டுகளை வாங்கியது பிழைப்புக்காகத்தான். ஆனால் பிழைப்பு போன பிறகும் விற்காமல், வருஷத்துக்கு ஒருமுறை இறக்கித் துடைத்து மறுபடி ஏற்றி வைப்பது எந்தத் தொழில் கணக்கிலும் வராது.

என் கூட்டாளி அப்படி ஒருவர். திண்டிவனத்துக்காரர், என்னைவிட மூத்தவர். எங்கள் கொடுக்கல் வாங்கல் பாசஞ்சர் ரயிலில் நடக்கும். முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, பேரணி, மயிலம் தாண்டினால் அவர் ஊர். அவர் எனக்கு டி.என்.ராஜரத்தினம் பிள்ளையின் தோடியைக் கொடுத்தார். நான் அவருக்கு ஜாஸ் கொடுக்கிறேன்.

நமக்குப் பிடித்ததைப் பிறருக்குப் பிடிக்க வைக்க எல்லோரும் ஒரு தந்திரம் செய்வோம்: அவருக்குத் தெரிந்த ஏதோ ஒன்று அதில் இருக்கிறதா என்று தேடி, அதையே கயிறாக வீசுவோம். நான் வீசியது ஆலிஸ் கோல்ட்ரேனின் ‘ஜர்னி இன் சச்சிதானந்தா’. 1971இல் வந்த ஆல்பம். பெயரில் இருக்கும் சச்சிதானந்தர் கோயம்புத்தூர் செட்டிப்பாளையத்தில் பிறந்தவர். அமெரிக்காவில் அந்த அம்மையாரின் குருவாக இருந்தவர். தட்டில் பெரும்பாலும் தம்புரா ஓடும், மேலே ஹார்ப், ஃபேரோ சாண்டர்ஸின் சாக்ஸபோன். நம்ம ஊர்ச் சாமியார், நம்ம ஊர்த் தம்புரா, இதைவிட என்ன வேண்டும் என்று நினைத்தேன். அண்ணன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “தம்புரா நல்லாத்தான் இருக்குது தம்பி. மேளம் எப்ப வரும்?” என்றார்.

தெரிந்ததைக் கேட்க அவர் என்னிடம் வரவில்லை. அதற்கு அவர் பரணே போதும்.

மேளம் வந்தது டேவ் ப்ரூபெக்கின் ‘டைம் அவுட்’டில். 1959ஆம் ஆண்டுத் தட்டு. ‘டேக் ஃபைவ்’ ஐந்து எண்ணிக்கையில் ஓடும். முதல் முறை கேட்கும்போதே தொடையில் தட்டிக்கொண்டிருந்தவர், பாதியில் நிமிர்ந்து, “நம்ம கண்டசாப்பத் திருப்பிப் போட்டிருக்கான்யா” என்றார். உண்மைதான். கண்டசாப்பு இரண்டும் மூன்றும்: தக தகிட. அங்கே மூன்று முன்னால், இரண்டு பின்னால். அதே ஆல்பத்தின் முதல் பாட்டு ஒன்பது எண்ணிக்கை. துருக்கியில் தெருவில் வாசித்தவர்களிடம் ப்ரூபெக் கேட்டு எடுத்துக்கொண்டது. தக தக தக தகிட என்று மூன்று சுற்று போய், நாலாவது சுற்றில் தகிட தகிட தகிட என்று வரும். 1958இல் ப்ரூபெக் குழு இந்தியாவுக்கும் வந்தது, மதராஸில் மிருதங்க வித்வான் பழனி சுப்பிரமணிய பிள்ளையைச் சந்தித்தது என்று சொன்னதும் அண்ணன் டேப்பை நிறுத்திவிட்டு, மறுபடி முதலிலிருந்து போட்டார்.

டேப் என்றேன். அது ஒரு தொண்ணூறு நிமிடக் கேசட். எண்பதுகளின் கடைசியில், எங்கள் பகுதி தென்னார்க்காடு மாவட்டமாக இருந்தபோது, ஆரோவில்லில் தங்கியிருந்த ஒரு வெளிநாட்டுக்காரரின் தட்டுகளிலிருந்து எனக்குப் பதிந்து கிடைத்தது. ஒரு பக்கம் ‘டைம் அவுட்’. மறு பக்கம், அதே 1959இல், அதே நியூயார்க் ஸ்டுடியோவில் பதிவான மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’. பிற்பாடு நான் வாங்கிய அதன் சிடியையும் அண்ணனிடம் கொடுத்திருந்தேன். அவர் இரண்டையும் சுருதிப்பெட்டி வைத்துப் பார்த்திருக்கிறார். சேரவில்லை. கேசட் ஏறி நின்றது, அரைக் கட்டைகூட இருக்காது. டெக்கில் பெல்ட் போயிருக்கும் என்றேன் நான்.

“பெல்ட்டுன்னா எல்லாப் பாட்டும் இல்ல ஏறணும்? மொத மூணுதான் ஏறுது. கடைசி ரெண்டும் சரியா நிக்குது.”

கோளாறு திண்டிவனத்தில் இல்லை. முதல் மூன்று பாட்டும் 1959 மார்ச் 2ஆம் தேதி பதிவானவை. அன்று ஓடிய பதிவு இயந்திரம் கொஞ்சம் மெதுவாக ஓடியது. மெதுவாக ஓடிப் பதிந்ததைச் சரியான வேகத்தில் போட்டால் சுருதி ஏறத்தானே செய்யும்? மற்ற இரண்டும் ஏப்ரல் 22ஆம் தேதிப் பதிவு, அதில் பழுதில்லை. மார்ச் பதிவுக்கு இன்னொரு இயந்திரத்தில் சரியாக ஓடிய நாடா இருந்ததால், தொண்ணூறுகளில் வந்த மறுபதிப்புகளில்தான் திருத்தினார்கள். முப்பது வருஷத்துக்கு மேல் உலகம் கேட்டது ஏறிய சுருதியைத்தான். அதோடு சேர்ந்து வாசித்துப் பழகிய பிள்ளைகள் எத்தனை பேர் இருப்பார்கள்! அவர்கள் ட்ரம்பெட் எல்லாம் அந்தத் தட்டுக்குச் சேராமல் முரண்டியிருக்கும்.

எனக்கு இது இடைஞ்சலான செய்தி. திருத்திய சுருதியில் முதல் பாட்டான ‘சோ வாட்’ எனக்குச் சோர்ந்து கேட்கிறது. எது சரி என்று தெரிந்தும் காது அந்தப் பக்கம் போக மறுக்கிறது. அப்படியானால் இத்தனை நாள் எனக்கு ரொம்பப் பிடித்தது என்று ஊருக்கெல்லாம் சொன்னது எதை? மைல்ஸ் டேவிஸையா, என் கேசட்டையா? ஒரு படத்தையோ வாத்தியாரையோ ஊரையோ இன்னொருவர் பிடிக்கவில்லை என்றால் நமக்கு வரும் கோபத்தில் இந்தச் சிக்கல் இருக்கிறது என்று தோன்றுகிறது. நாம் பார்த்த வயது, உடன் இருந்தவர்கள், அன்றைய பசி எல்லாம் ஏறிய பிரதி நம்முடையது. எதிராளி கையில் போய்ச் சேருவது அதெல்லாம் இல்லாத பிரதி. அவர் கேட்காத ஒன்றுக்கு அவரிடம் தீர்ப்பு எதிர்பார்க்கிறோம்.

அண்ணனுக்கு இந்தக் குழப்பமெல்லாம் கிடையாது. நாயனம் கேட்டு வளர்ந்தவர். சுருதி தப்பினால் தப்புதான். “பழகிட்டா சரியாயிடுமா?” என்று சிடியை வைத்துக்கொண்டு கேசட்டைத் திருப்பித் தந்துவிட்டார். நான் அதைத் தூக்கிப் போடப் போவதில்லை. இரண்டு பேரும் அவரவர் பக்கம் நிற்கிறோம், ரயில் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது.

மைல்ஸ் டேவிஸ் அவருக்கு அப்படியொன்றும் ஒட்டவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆலிஸ் கோல்ட்ரேன் அட்டைப்பெட்டிக்குள் போய்விட்டார். அண்ணன் பிடித்துக்கொண்டது ப்ரூபெக்கைக்கூட இல்லை, பின்னால் உட்கார்ந்து டிரம்ஸ் வாசித்த ஜோ மொரெல்லோவை. அந்த ஆள் வாசித்த வேறு தட்டு இருக்கிறதா என்று போன வாரம் போன் செய்தார். என்னிடம் இல்லை. ஆரோவில் பக்கம் விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன்.