திரும்பி வருவதற்கான காற்று

பவளத்திட்டுகளுக்கு மேல் ஸ்கூபா கட்டிக்கொண்டு நிதானமாக மிதக்க ஆசைப்படுகிறவருக்கு முதல் இடைஞ்சல் கடலில் வருவதில்லை. பயணத் திட்டம் போடும்போதே வந்துவிடுகிறது.

பிப்ரவரியில் அந்தமான் போகலாம் என்று பேச்செடுத்ததும் என் தங்கை மகன் ஒரு பட்டியல் அனுப்பினான். செல்லுலார் சிறை, ராதாநகர் கடற்கரை, நீல் தீவு, விடிவதற்கு முன்பே கிளம்பிப் பாராடாங் சுண்ணாம்புக் குகை. நடுவில் ஹேவ்லாக்கில் சில டைவ். கடைசி நாள் மதிய டைவ் முடிந்த கையோடு போர்ட் பிளேருக்குப் படகு, மறுநாள் அதிகாலை சென்னை விமானம். "நாலு நாள்ல எல்லாத்தையும் கவர் பண்ணிடலாம் மாமா" என்றான். ஹேவ்லாக்கின் பெயர் 2018-இல் ஸ்வராஜ் தீவு என்றும், போர்ட் பிளேரின் பெயர் 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்றும் மாறிவிட்டன. பட்டியல் போடும் நம் பழக்கம்தான் மாறவில்லை.

அந்தப் பட்டியலை அடித்தது நான் அல்ல, நைட்ரஜன். ஆழத்தில் அழுத்தம் கூடக் கூட, சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் ரத்தத்திலும் தசையிலும் கரைகிறது. மெதுவாக மேலேறினால் மூச்சு வழியே வெளியேறும். முழுதும் வெளியேறப் பல மணி நேரம் பிடிக்கும். அதற்குள் விமானம் ஏறினால், விமான அறையின் குறைந்த அழுத்தத்தில் மிச்சமிருக்கும் வாயு உடம்புக்குள்ளேயே குமிழியாகலாம். மூட்டு வலியோடு போகலாம், பக்கவாதம் வரைக்கும் போகலாம். அதனால்தான் தொடர்ந்து டைவ் செய்தவர்கள் குறைந்தது 18 மணி நேரம் பறக்கக் கூடாது என்கிறார்கள். முழுதாக ஒரு நாள் விட்டுவிடுங்கள் என்று சொல்கிற பயிற்சியாளர்களும் உண்டு. அலுவலகமோ வீடோ மனமுவந்து கொடுக்காத ஒரு வெற்று நாளை இயற்பியல் வற்புறுத்திக் கொடுக்கிறது. ஆகவே திட்டத்தை எழுதத் தொடங்க வேண்டிய இடம் கடைசி நாள்.

தண்ணீருக்குள்ளும் இதே கணக்குதான். நிரப்பிய சிலிண்டரில் காற்றின் அழுத்தம் பொதுவாக 200 பார் இருக்கும். கேஜில் முள் 50-ஐத் தொடும்போது மேலே வந்திருக்க வேண்டும் என்பது பரவலான வழக்கம். திடீரென்று நீரோட்டம் இழுத்தாலோ, கூட வந்தவருக்குக் காற்று தீர்ந்தாலோ கைகொடுக்க வேண்டிய பங்கு அது. இறங்குவதற்கு முன்பே அதைக் கழித்துவிட்டு மீதியில்தான் ஊர் சுற்ற வேண்டும். உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியைத் தனிப்பானையில் போட்டுவைத்த பாட்டிமார்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. நாமோ ஓய்வைக் கடைசியில் தேடுகிறோம். எல்லா வேலையும் முடிந்த பிறகு மிஞ்சினால் படுக்கலாம் என்கிறோம். மிஞ்சுவதே இல்லை.

ஆழத்தைப் பற்றிய ஆசையும் அப்படித்தான். பத்து மீட்டரில் அழுத்தம் கரையில் இருப்பதைப்போல் இரண்டு மடங்கு. முப்பதில் நான்கு மடங்கு. அங்கே ஒவ்வொரு மூச்சுக்கும் கரையில் செலவாவதைப்போல் நான்கு மடங்கு காற்று போகும். சான்றிதழ் இல்லாதவரைப் பயிற்சியாளர் 12 மீட்டர் வரை அழைத்துப் போவார். அடிப்படைச் சான்றிதழ் இருந்தால் 18 மீட்டர். இதைக் குறையாக நினைக்கிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். பவளத்துக்குள் குடியிருந்து அதற்குச் சோறு போடும் நுண்பாசிக்கு வெயில் வேண்டும். வண்ணமும் கூட்டமும் ஆழமில்லாத இடத்திலேயே அதிகம்.

முன்பொரு பயணத்தில், ஒரே பாறைத்திட்டின் பக்கத்தில் அசையாமல் நின்றபோது ஒரு களவா மீனைப் பார்த்தேன். வாயைப் பிளந்து, செவுளை விரித்து, மயங்கியதுபோல் நின்றது. நீலக் கோடு போட்ட, விரல் நீளமே உள்ள ஒரு மீன் அதன் வாய்க்குள் நுழைந்து, பல்லிடுக்கில் எதையோ கொத்திவிட்டுச் செவுள் வழியே வெளியே வந்தது. களவாவுக்குப் பின்னால் இன்னொரு மீன் தன் முறைக்காகக் காத்திருந்தது. கடந்து போகிறவர் கண்ணுக்கு இது படாது. நம் அசைவு அடங்கிக் கொஞ்ச நேரம் ஆனால்தான் அவை விட்ட வேலையைத் தொடர்கின்றன.

டைவிங்கில் கட்டை விரலை உயர்த்தினால் ‘பிரமாதம்’ என்று அர்த்தமில்லை; ‘மேலே போவோம்’ என்று அர்த்தம். யார் வேண்டுமானாலும் எந்த நேரத்திலும் காட்டலாம். காட்டினால் கூட இருப்பவரும் கிளம்ப வேண்டும். ஏன் என்று கேட்கக் கூடாது. நம் குடும்பப் பயணங்களில் ஒரு அத்தை "நான் ரூம்லயே இருக்கேனே" என்று சொல்லிப் பார்க்கட்டும். "இவ்ளோ தூரம் வந்துட்டு ரூம்லயா?", "காசு கட்டியாச்சே!" என்று நாலா பக்கமும் குரல் கிளம்பும். பாவம், செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிடுவார். போதும் என்று சொல்ல அனுமதியில்லாத பயணத்தில் ஹோட்டல் எவ்வளவு வசதியாக இருந்தாலும் ஆசுவாசம் வராது.

சரி, போகத்தான் வேண்டுமா? 2010-இல் கடல் சூடேறி அந்தமானின் பவளங்கள் பெருமளவு வெளுத்தன, 2016-இல் மறுபடியும். 2024 ஏப்ரலில் உலகளாவிய நான்காவது பவள வெளிறல் அறிவிக்கப்பட்டது. வெளுத்த பவளம் உடனே சாவதில்லை. சூடு சீக்கிரம் தணிந்தால், வெளியேறிய நுண்பாசி திரும்பி வரும். ஆனால் பாதிக்கப்பட்ட திட்டு பழையபடி தேறப் பத்தாண்டுக்கு மேலும் ஆகலாம். வெப்ப அலைகளுக்கு நடுவிலுள்ள இடைவெளியோ சுருங்கிக்கொண்டே வருகிறது. பவளமும் ஓய்வு கிடைக்காமல்தான் சாகிறது. கடலைச் சூடாக்குவதில் நான் ஏறப்போகும் விமானத்துக்கும் ஒரு சிறு பங்கு உண்டு. அதற்குச் சமாதானம் சொல்ல என்னிடம் எதுவுமில்லை. அடிக்கடி போகாமல், போகும்போது அவசரப்படாமல் இருப்பது மட்டுமே என் கையில் இருக்கிறது. பதறிக் கால்களை உதைக்கிறவரின் காலில் மாட்டிய துடுப்புதான் பவளத்தை உடைக்கிறது. உருண்டைப் பவளம் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளரும். ஒரு சாண் உடைந்தால் இருபது ஆண்டு போயிற்று. மூச்சை இழுத்தால் உயர்வதும், விட்டால் தாழ்வதும் பழகும்வரை பவளத்தை நெருங்காமல் மணல்தரைக்கு மேல் மிதந்தால் போதும்.

இப்போது என் திட்டத்தில் ஒரே ஒரு தீவு. காலையில் மட்டும் டைவ். காதடைப்போ சளியோ வந்தால் இறங்குவதில்லை. காற்று பலமாகிப் படகு போகாத நாளுக்கென்று ஒரு நாள், நைட்ரஜனுக்கென்று கடைசி நாள். இத்தனையும் கழித்தால் மிஞ்சுவது சில காலைகள்தான். அதற்குள் இன்னொரு இடத்தைச் செருகலாமே என்று கை துறுதுறுக்கத்தான் செய்கிறது. ஆனால் இருப்பதையெல்லாம் செலவழித்து முடிப்பதில் என்ன சாமர்த்தியம் இருக்கிறது? மிச்சத்தோடு கரையேறுகிறவர்தான் மறுநாளும் இறங்க முடியும்.