மீண்டும் ஒரு முறை

 

சென்ற மாதம் மஃரிபுத் தொழுகைக்குப் பின் ஒரு தம்பதியர் நம்மிடம் வந்தனர். நிக்காஹ் முடிந்து எட்டு ஆண்டுகள். ஐ.வி.எஃப். என்னும் சிகிச்சையால் கருவை வெளியே உண்டாக்கிக் கருப்பையில் வைத்தும், அது தங்கவில்லையாம். "நான் செய்த பாவமா, ஹஜ்ரத்?" என்று அச்சகோதரி கேட்டபோது, கணவர் தலைகுனிந்திருந்தார்.

பாவமன்று. உண்டாகும் கருக்களில் பல, குரோமோசோம் எண்ணிக்கை பிசகியிருப்பதால் தாமே வளர்ச்சி நின்றுவிடுகின்றன. தாயின் வயது ஏற ஏற இது கூடும். படியேறியதாலோ ஸஜ்தாச் செய்ததாலோ கரு நழுவிவிடுவதில்லை. மாமியார்மார் இதனைச் செவியேற்பார்களாக! குறை கணவனின் விந்திலும் இருக்கலாம். தாம் பரிசோதனைக்குப் போக வெட்கப்பட்டு, மனைவியை மட்டும் ஊசிக்கு அனுப்பும் ஆண்மக்களை என்னென்பது?

ஜக்கரிய்யா நபி (அலை) அவர்கள், எலும்பு தளர்ந்த முதுமையிலும், மனைவி பிள்ளைப்பேறு அற்றவராயிருந்தும், தாழ்ந்த குரலில் இறைவனிடம் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். ஆகவே மீண்டும் முயல்வது பேராசையாகாது. கணவன் மனைவி இருவருடைய விந்தும் முட்டையும் மட்டுமே சேர்ந்து, நிக்காஹ் நிலைத்திருக்கையில், அம்மனைவியின் கருப்பையிலேயே வைக்கப்படுமாயின் கூடும் என்று 1986இல் அம்மானில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹு அகாடமியும் தீர்மானித்தது. மூன்றாமவர் எவ்வகையிலும் நுழையலாகாது.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. எனவே டாக்டரிடம் கேளுங்கள்: எத்தனை முட்டைகள் கிடைத்தன? எத்தனை கருவாயின? ஐந்தாம் நாள் வரை வளர்ந்தவை எத்தனை? முட்டை குறைவெனில் மருந்தின் அளவை மாற்றிப் பார்ப்பார்கள். கருவாகவே இல்லையெனில் விந்தணுவை முட்டைக்குள் நேரே செலுத்தும் முறையுண்டு. உறையவைத்த கரு மிச்சமிருந்தால் முட்டையெடுக்கும் வேதனையே மறுமுறை வேண்டாம். சிங்கப்பூரில் மெடிசேவிலிருந்து முதன்முறைக்கு 6,000 வெள்ளி, இரண்டாம் முறைக்கு 5,000, பின்னர் 4,000 வரை எடுக்கலாம். கணக்குப் பார்த்து இறங்குங்கள். வட்டிக்கு வாங்காதீர்கள்.

போதும் என்று நிறுத்திக்கொள்வோரை ஈமான் குறைந்தவரென்று எவரும் ஏசவேண்டாம். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுக்குப் பிள்ளையில்லை. தமக்கை மகன் அப்துல்லாஹ்வின் பெயரால் 'உம்மு அப்துல்லாஹ்' என்று அவர்களை அழைக்கச் செய்தவர்கள் நம் நாயகம் (ஸல்) அவர்களே.

அத்தம்பதியர் அடுத்த மாதம் மறுபடி டாக்டரைக் காணப் போகிறார்கள். இம்முறை தாமும் பரிசோதனை செய்துகொண்டு, அந்தச் சீட்டையும் கையோடு எடுத்துச் செல்வதாகக் கணவர் நம்மிடம் சொல்லியிருக்கிறார்.