வசந்தமும் ஓய்வுரிமையும்

சித்திரை பிறந்ததும் நுவரெலியா விழாக்கோலம் பூணுகிறது. சமவெளியின் வெக்கைக்கு அஞ்சி மலையேறுவோரைக் குதிரைப் பந்தயமும் மலர்க்கண்காட்சியும் வரவேற்கின்றன. 1875இல் தொடங்கிய பந்தயமும், விக்டோரியா மகாராணியின் வைர விழா நினைவாக 1897இல் எழுந்த பூங்காவும் ஆங்கிலத் துரைமார் தமக்கென வகுத்துக்கொண்ட வசந்தத்தின் எச்சங்கள். துரைமார் போய்விட்டனர்; அவர்களுடைய வசந்தம் மட்டும் போகவில்லை. ஹட்டன் நகரமோ வெசாக் பௌர்ணமி வரை சிவனொளிபாதமலை யாத்திரிகர்களால் நிறைந்து கிடக்கிறது.

இதே சித்திரை, வைகாசி மழையில்தான் தேயிலைச் செடியும் தழைத்துக் கொழுந்து விடுகிறது. ஊர் உலாவ வரும் நாட்களே தோட்டத்துப் பெண்ணுக்கு ஓயாத வேலை நாட்கள். புகைவண்டிச் சாளரத்தின் வழியே பார்ப்பவருக்கு அவள், மலையையும் மூடுபனியையும் போல, காட்சியின் ஒரு பகுதி. காண்பவர் சிலர்; காட்சியாக நிற்பவர் பலர். இந்நிலையில் வசந்தத்தை அனுபவிப்பது அறமாகுமா?

ஆகாது என்று சிலர் உடனே தீர்ப்பளிப்பர். பிறர் வியர்வை சிந்தும் இடத்தில் பூப்பார்ப்பது பாவம் என்பது அவர்கள் வாதம். நமக்கு இதில் உடன்பாடில்லை. மலர் எவரையும் சுரண்டவில்லை. ஒருவர் பூங்காவுக்குப் போகாமலிருப்பதால் இன்னொருவரின் கூடைப்பாரம் குறைந்துவிடாது. இன்பத்தைப் பழிப்பது துறவியின் அறம். அதைப் பொதுவாக்குவதே நம் அறம்.

வேறு சிலர், முதலில் சோறு, பின்னரே கலை என்பர். மேலோட்டத்தில் இது நியாயமாகவே தோன்றும். ஆனால் மலையக மக்களின் வரலாறு இதற்கு மாறானது. அவர்கள் சோறு நிறையும்வரை கலைக்காகக் காத்திருக்கவில்லை. பகலெல்லாம் மலையில் உழைத்தவர்களே மாசியில் கம்பம் ஊன்றி, இரவிரவாகத் தப்போசைக்குக் காமன் கூத்து ஆடினர். வசந்தனைத் துணைவனாகக் கொண்ட மன்மதன் எரிவதும், ரதி புலம்புவதும், அவன் மீள்வதுமே அதன் கதை. பூங்கா எழுப்பத் தெரியாத மக்கள் லயத்து வாசலிலேயே தமது வசந்த விழாவை எடுத்தனர். 1931இல் ஹட்டனைத் தலைமையிடமாகக் கொண்டு தொழிலாளர் சம்மேளனம் அமைத்த கோ. நடேசய்யரும் மீனாட்சியம்மையும் பேச்சோடு பாட்டையும் கொண்டே மக்களைத் திரட்டினர். பாட்டு அங்கே அரைவயிற்றுப் போராட்டத்தின் மூச்சாக இருந்தது.

ஆகவே, கலை உணர்வு உழைப்பாளியிடம் இல்லை என்ற பேச்சுக்கே இடமில்லை. இல்லாதது நேரம். ஓய்விலேயே மனிதன் முழுமை பெறுகிறான் என்று அரிஸ்டாட்டில் கூறினார். அந்த ஓய்வை அடிமைகளின் உழைப்பு தாங்கி நின்றது. 1948 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் சபை, ஓய்வும் பண்பாட்டு வாழ்வில் பங்கும் ஒவ்வொரு மனிதரின் உரிமை எனப் பிரகடனம் செய்தது. அதற்கு முந்திய மாதம் நடைமுறைக்கு வந்த இலங்கைக் குடியுரிமைச் சட்டமோ மலையக மக்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. உலகம் ஓய்வுரிமை பேசிய வேளையில், இம்மலைகளை வளமாக்கியவர்களுக்கு இருப்புரிமையே மறுக்கப்பட்டது.

குடியுரிமை பின்னர் போராடிப் பெறப்பட்டது. நாட்சம்பளமும் பல்லாண்டுப் போராட்டத்தின் பின் 2021 மார்ச்சில் 1000 ரூபாவாகி, அதன் பின்னரும் உயர்ந்தது. ஆனால் ‘பேர்’ என்னும் நாட்கணக்கு இன்னும் மனித நேரத்தை ஆள்கிறது. நிறை குறைந்தால் அரைப்பேர். மலைக்குப் போகாத நாளுக்குப் பேரே இல்லை. விழா பார்க்கப் போகும் பெண் நுழைவுச்சீட்டின் விலையோடு ஒரு நாள் கூலியையும் சேர்த்தே செலுத்துகிறாள். வீடு திரும்பினாலும் அடுப்பும் பிள்ளையும் பீலித் தண்ணீரும் அவளுக்காகக் காத்திருக்கின்றன. காமன் கூத்திலும் ரதி வேடத்தை மரபாக ஆடவரே புனைந்து வந்தனர். அவளுடைய துயரத்துக்குக் கூத்தில் இடமிருந்தது, அவளுக்கு இருக்கவில்லை. முதலாளியிடம் ஓய்வு கேட்கும் ஆடவர் தம் வீட்டுப் பெண்ணின் ஓய்வைப் பற்றியும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆசிரியர்களும் மாணவர்களும் செய்ய வேண்டுவன உள. பிள்ளைகளைப் பூங்காவுக்கு அழைத்துச் செல்லுங்கள். பூவின் பெயரோடு, அந்தப் பாத்தியைக் கொத்தியவரின் வாழ்வையும் கற்பியுங்கள். கூத்துக் கலைஞரைப் பள்ளி மேடைக்கு அழைத்து, விருந்தினராக மதித்து, உரிய ஊதியமும் கொடுங்கள். கூலி குறையாத விடுமுறையைச் சம்பள உயர்வுக்கு இணையான கோரிக்கையாகத் தொழிற்சங்கங்கள் எழுப்பட்டும். ஒரு நகரின் பண்பாட்டை அங்கு நடைபெறும் விழாக்களின் எண்ணிக்கையால் அளக்க முடியாது. கொழுந்து பறிக்கும் கை, கூலியை இழக்காமல், ஒரு நாளேனும் வெறுங்கையாக வீசி நடந்து அவ்விழாவுக்கு வர முடிகிறதா என்பதே அளவுகோல்.