ஜெயிச்சிட்டோம்

2022 மே 15, ஞாயிற்றுக்கிழமை மதியம். விடுமுறைக்குப் பாளையங்கோட்டை வந்திருந்தேன். அக்னி நட்சத்திரம் முடியாத நாட்கள். தெருவில் ஒரு ஆள் கிடையாது. கட்டிலில் சாய்ந்துகொண்டு, பாங்காக்கில் நடந்த தாமஸ் கோப்பை இறுதிப்போட்டியை மொபைலில் பார்த்துக்கொண்டிருந்தேன். கிடாம்பி ஸ்ரீகாந்த் இந்தோனேசியாவின் ஜோனதன் கிறிஸ்டியை 21-15, 23-21 என்று முடித்ததும் ஓரத்தில் நின்ற இந்திய வீரர்கள் மொத்தமாகக் களத்துக்குள் ஓடிவந்தார்கள். நானும் எழுந்து நின்றுவிட்டேன். அடுத்த நிமிடம் பள்ளிக்கூட நண்பர்களின் வாட்ஸப் குழுவில் ஒரே சொல் வரிசையாக வந்து விழுந்தது: “ஜெயிச்சிட்டோம்!” நானும் அதையே தட்டி அனுப்பினேன். அனுப்பிய பிறகுதான், யார் ஜெயித்தது என்ற கேள்வி வந்தது. அந்தக் கேள்வி எனக்குப் புதிது இல்லை. பதினாறு பதினேழு வருடமாகக் கூடவே இருக்கிறது. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் கொஞ்சம் இலக்கணம். தமிழில் தன்மைப் பன்மைக்கு இரண்டு சொற்கள் உண்டு. கேட்பவரையும் சேர்த்துக்கொண்டால் ‘நாம்’, அவரை வெளியே நிறுத்தினால் ‘நாங்கள்’. “நாம சினிமாவுக்குப் போறோம்” என்றால் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பலாம். “நாங்க சினிமாவுக்குப் போறோம்” என்றால் நீ வீட்டில் இரு என்று அர்த்தம். நாலு வயதுப் பிள்ளைக்கும் இந்த வித்தியாசம் தெரியும். ‘நாங்க’ என்று கேட்ட உடனே அழும். ஆங்கிலத்திலும் இந்தியிலும் இந்த வசதி இல்லை. ஆனால் நம் வினைமுற்றில் ஒரு ஓட்டை இருக்கிறது. நாம் ஜெயித்தோம், நாங்கள் ஜெயித்தோம் என்று இரண்டுக்கும் ஒரே ‘ஓம்’ விகுதிதான். எழுவாயை விழுங்கிவிட்டு “ஜெயிச்சிட்டோம்” என்று மட்டும் சொன்னால், யாரைச் சேர்த்தோம் யாரை விட்டோம் என்று சொல்ல வேண்டியதே இல்லை. விகுதிக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளலாம்.

அன்றைக்கு நடந்தது சாதாரண வெற்றி இல்லை. 1949இல் முதல் தாமஸ் கோப்பை நடந்ததிலிருந்து அதை வென்ற நாடுகள் ஐந்துதான்: முதலில் மலாயாவாக ஆடிய மலேசியா, இந்தோனேசியா, சீனா, ஜப்பான், டென்மார்க். இந்தோனேசியா மட்டும் 14 முறை. இந்தியா 1979க்குப் பிறகு அரையிறுதிக்கே போனதில்லை. இத்தனைக்கும் நம்மிடம் பெரிய ஆட்டக்காரர்கள் இல்லாமல் இல்லை. பிரகாஷ் படுகோன் 1980இலும் கோபிசந்த் 2001இலும் ஆல் இங்கிலாந்து பட்டம் வென்றவர்கள். சாய்னா நேவாலுக்கு 2012 லண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலம். சிந்துவுக்கு 2016 ரியோவில் வெள்ளி, 2019இல் உலக சாம்பியன் பட்டம். பெண்கள் அணி ஊபர் கோப்பையில் 2014லும் 2016லும் வெண்கலம் வரை வந்தது. ஆனால் தாமஸ் கோப்பையில் ஒரு மோதலுக்கு ஐந்து ஆட்டம்: மூன்று ஒற்றையர், இரண்டு இரட்டையர். முதலில் மூன்றை எடுக்கிற அணிக்கு வெற்றி. ஒரு மேதையை வைத்துக்கொண்டு ஒரு புள்ளிதான் எடுக்க முடியும். உலகத் தரத்தில் ஒரு ஆண்கள் இரட்டையர் ஜோடி வராமல் அந்தக் கோப்பை வரப்போவதில்லை. சாத்விக்கும் சிராகும் வந்த பிறகுதான் கணக்கு மாறியது.

அந்தக் கணக்கை அந்த வாரத்தில் உட்கார்ந்து பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். காலிறுதியில் மலேசியாவை 3-2, அரையிறுதியில் டென்மார்க்கை 3-2. இரண்டு நாளும் ஒரே கதை. முதல் ஒற்றையரில் லக்‌ஷயா சென் தோற்றார். ஒருநாள் லீ ஸீ ஜியாவிடம், மறுநாள் ஆக்செல்சனிடம். சாத்விக்-சிராக் ஜோடியும் ஸ்ரீகாந்தும் ஜெயித்தார்கள். இரண்டாவது இரட்டையரில் கிருஷ்ண பிரசாத் - விஷ்ணுவர்தன் கௌட் ஜோடி இரண்டு நாளும் தோற்றது. 2-2 என்று நின்றபோது இரண்டு நாளும் கடைசி ஆட்டத்துக்கு இறங்கியவர் பிரணாய். டென்மார்க்குக்கு எதிரான ஆட்டத்தில் வழுக்கிக் கணுக்காலில் அடிபட்டது. சிகிச்சை எடுத்துக்கொண்டு, முதல் கேமை விட்ட பிறகு, 13-21, 21-9, 21-12 என்று ஜெயித்துக் கொடுத்தார். இறுதிப்போட்டியில் அதுவரை தோற்ற லக்‌ஷயா ஜெயித்தார், சாத்விக்கும் சிராகும் ஜெயித்தார்கள், ஸ்ரீகாந்த் முடித்துவைத்தார். 3-0. நான்காவது, ஐந்தாவது ஆட்டங்கள் நடக்கவே இல்லை. ஐந்தாவதற்குக் காத்திருந்த பிரணாய் இறுதிப்போட்டியில் ஒரு சர்வீஸ்கூடப் போடவில்லை.

இப்போது கேள்வி. இந்த வெற்றி யாருடையது? ‘பங்களிப்பு’ என்று சொல்லிப் புள்ளி எண்ணினால், இறுதிப்போட்டி நாலு பேருடையது. பிரணாய்க்கு அதில் சுழியம். நாக்அவுட்டில் இரண்டு நாளும் தோற்ற அந்த இரட்டையர் ஜோடிக்கும் சுழியம். ஆனால் கழுத்தில் பதக்கத்தோடு அவர்கள் நிற்கும் படத்தைப் பார்த்து யாருக்கும் உறுத்தவில்லை. இவர்கள் ஏன் நிற்கிறார்கள் என்று யாரும் கேட்கவில்லை. ஆக, நாம் மனசுக்குள் வேறு ஏதோ கணக்கு வைத்திருக்கிறோம்.

எனக்கு அது என் வேலையிலிருந்து புரிந்தது. எங்கள் துறையில் ‘ஆன்-கால்’ என்று ஒரு முறை உண்டு. ஒரு வாரம் முழுக்க, ராத்திரி எத்தனை மணிக்கு சர்வர் படுத்தாலும் போனை எடுத்து எழுந்து உட்கார வேண்டியவர் ஒருவர். சில வாரங்களில் ஒரு அழைப்பும் வராது. ஆனாலும் அந்த வாரம் முழுக்க அவர் நிம்மதியாகத் தூங்கியிருக்க மாட்டார். லேப்டாப் இல்லாமல் ஒரு கல்யாண வீட்டுக்குக்கூடப் போயிருக்க மாட்டார். அந்த வாரம் அவர் என்ன வேலை செய்தார் என்று கேட்டால், உடைந்தால் அது என் தலையில் விழும் என்ற இடத்தில் நின்றார் என்பதுதான் பதில்.

அங்கேதான் விடை இருக்கிறது என்று நினைக்கிறேன். வெற்றியில் யாருக்குப் பங்கு என்று கேட்கக் கூடாது. தோற்றிருந்தால் அது யாருடைய தோல்வியாக இருந்திருக்கும் என்று கேட்க வேண்டும். இந்தோனேசியா இரண்டு ஆட்டத்தைப் பிடித்து 2-2 ஆகியிருந்தால், பிரணாய் இறங்கித் தோற்றிருந்தால், அது பிரணாயின் தோல்வி என்று காலத்துக்கும் எழுதியிருப்பார்கள். அந்த இடத்தில் நிற்க அவர் ஒத்துக்கொண்டார். கிருஷ்ண பிரசாத்தும் விஷ்ணுவர்தனும் அப்படி நின்று நிஜமாகவே தோற்றார்கள். தோல்வி தன் பெயரில் விழக்கூடிய இடத்தில் நின்றவருக்கு ‘நாம்’ சொல்ல உரிமை உண்டு. ஆடினாரா, ஆடவில்லையா, ஜெயித்தாரா, தோற்றாரா என்பதெல்லாம் அடுத்த விஷயம்.

அந்த ஐந்தாவது இடம் எவ்வளவு பயங்கரமானது என்று மறுவருடமே தெரிந்தது. 2023 அக்டோபர் 1, ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டி, ஆண்கள் அணி இறுதி, எதிரே சீனா. லக்‌ஷயா ஜெயித்தார், சாத்விக்-சிராக் ஜெயித்தார்கள், 2-0. அதே வரிசை, அதே தொடக்கம். ஸ்ரீகாந்த் தோற்றார், இரண்டாவது இரட்டையர் போனது, 2-2. முதுகு வலியால் பிரணாய் இல்லை. அவர் இடத்தில் இறங்கியவர் மிதுன் மஞ்சுநாத். 12-21, 4-21. இந்தியாவுக்கு வெள்ளி. ஆண்கள் அணிப் பிரிவில் அதுவரை இந்தியா வாங்காத வெள்ளி.

அன்றைக்கு எங்கள் வாட்ஸப் குழுவில் “தோத்துட்டோம்” என்று ஒருவர்கூட எழுதவில்லை. “சொதப்பிட்டானுங்க”, “விட்டுட்டானுங்க”. ஒன்றரை வருடத்துக்கு முன்னால் ‘ஓம்’ போட்ட அதே விரல்கள் ‘ஆனுங்க’ போட்டன. நானும் எழுதவில்லை. சும்மா படித்துவிட்டு மொபைலை வைத்துவிட்டேன்.

பார்வையாளனின் ‘நாம்’ அப்போ பொய்யா என்று கேட்கலாம். பாங்காக் சென்ற பத்துப் பேரில் தமிழ்நாட்டுக்காரர் ஒருவரும் இல்லை. பிரணாய் வேண்டுமானால் கிட்டத்தட்ட பக்கத்து வீட்டுக்காரர்: பொதிகையில் இந்தப் பக்கம் இறங்கினால் எங்கள் தாமிரபரணி, அந்தப் பக்கம் இறங்கினால் அவருடைய திருவனந்தபுரம். ஆனால் மலை ஒன்றாக இருப்பதால் எனக்கு என்ன உரிமை வந்துவிடும்? ரசிகனுக்கும் வலிக்கிறதே என்பார்கள். வலிக்கும்தான். ஆனால் வருத்தம் வேறு, பொறுப்பு வேறு. மிதுன் தோற்றதற்கு என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கப்போவதில்லை. அதனால் பார்வையாளனின் ‘நாம்’ பொய் என்று சொல்ல மாட்டேன். அது கடனாக வாங்கியது. ஜெயிக்கும்போது வாங்குகிறோம். தோற்கும்போதும் அதே ‘ஓம்’ விகுதியைக் கைவிடாமல் இருப்பதுதான் அந்தக் கடனுக்கு நாம் கட்டக்கூடிய ஒரே வட்டி. பெரும்பாலும் கட்டுவதில்லை.

இனி, ஏன் இது எனக்குப் பழைய கேள்வி என்று சொல்கிறேன்.

பதினொன்றாம் வகுப்பில் பள்ளிப் பூப்பந்து அணியில் இருந்தேன். பூப்பந்து என்று நான் சொல்வது மஞ்சள் கம்பளிப் பந்தில், பக்கத்துக்கு ஐந்து பேராக வெட்டவெளியில் ஆடுவது. இறகுப்பந்து எங்கள் ஊர்க் காற்றுக்கு லாயக்கில்லை. ஆனி ஆடியில் குற்றாலப் பக்கமிருந்து வீசுகிற காற்றில் இறகு அடுத்த தெருவுக்குப் போய்விடும். ‘அணியில் இருந்தேன்’ என்பதுகூட ஒருவகை ஏமாற்றுதான். நான் மாற்று ஆட்டக்காரன். பின்வரிசை இடது மூலை அவனுடையது. சேரன்மகாதேவிப் பக்கத்துப் பையன். எவ்வளவு வேகமாக வந்தாலும் பந்து அவன் பேட்டில் பட்டு மெதுவாக எதிர்ப்பக்கம் இறங்கும். மாவட்டப் போட்டியில் காலிறுதியும் அரையிறுதியும் அவன் மூலையிலிருந்துதான் கையில் வந்தன. இறுதிப்போட்டி அன்று அவன் வரவில்லை. கார் அறுவடை. ஆள் கிடைக்காமல் அவன் அப்பா வயலுக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டார். அந்த மூலையில் நான் நின்றேன். ஜெயித்தோம்.

பரிசு முடிந்து பி.டி. சார் சான்றிதழ்களில் பெயர் எழுதிக்கொண்டிருந்தார். ஒன்று மிச்சமிருந்தது. “வேற யாரு பேராச்சும் விட்டுப்போச்சால?” என்று நிமிர்ந்து கேட்டார். மற்றவர்கள் கோப்பையைப் பிடித்துப் படம் எடுக்கப் போயிருந்தார்கள். பக்கத்தில் நின்றது நான்தான். அவன் பெயரைச் சொன்னால் நான் யாருடைய இடத்தில் ஆடினேன் என்பதும் அந்தத் தாளோடு சேர்ந்து வந்துவிடும் என்று தோன்றியது. “இல்ல சார்” என்றேன். அவ்வளவுதான் நடந்தது. சார் அதை மடித்துப் பைக்குள் வைத்தார்.

திங்கட்கிழமை அவன் கேட்டான்: “ஏல, நாம ஜெயிச்சிட்டோமாமே?” அவன் ‘நாம’ என்றான். நான் “ஆமால, ஜெயிச்சிட்டோம்” என்றேன். விகுதியை மட்டும் கொடுத்தேன். பின்னால் கல்லூரியில் வேலைக்கான நேர்முகத்தில் அந்தச் சான்றிதழைக் காட்டி, குழுவாக வேலை செய்யத் தெரியும் என்பதற்கு அதை உதாரணமாகச் சொன்னேன். வேலை கிடைத்தது.

என் விதிப்படி பார்த்தால் எனக்கும் அந்த வெற்றியில் பங்கு உண்டு. தோற்றிருந்தால் என் மூலையால்தான் தோற்றோம் என்றிருப்பார்கள். தவறு அங்கே இல்லை. எனக்குப் பங்கு கிடைக்க அவன் பங்கு அழிய வேண்டும் என்று நினைத்தேனே, அங்கே இருக்கிறது. பிரணாய் ஜெயித்துக் கொடுத்ததால் விஷ்ணுவர்தனின் பதக்கம் சிறிதாகவில்லை. வெற்றி அப்படிப் பங்கு போட்டால் குறைகிற சொத்து இல்லை. ‘நாம்’ என்ற சொல்லில் இன்னொருவருக்கு இடம் கொடுத்தால் யாரும் வெளியே போக வேண்டியதில்லை. அது அந்த வயதில் எனக்குத் தெரியவில்லை.

ஹாங்சோ தோல்விக்குப் பிறகு ஊருக்கு வந்தபோது அவனைப் போய்ப் பார்த்தேன். இப்போது டிராக்டர் வைத்திருக்கிறான். ஆற்றுப்பாலத்தில் நின்றுகொண்டு அந்தச் சான்றிதழ் விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் தண்ணீரைப் பார்த்தான். “சொல்லிருக்கலாம்லா” என்றான். மன்னித்தேன் என்றோ, பரவாயில்லை என்றோ சொல்லவில்லை. பிறகு அவனாகவே கேட்டான்: “ஃபைனல்ல அந்த மூலைக்குப் பந்து வந்துச்சா?”

“நெறைய வந்துச்சு. பாதி விட்டேன்.”

“அப்ப பாதி எடுத்திருக்க.” சிரித்தான். “நாங்க செமி ஆடுனப்ப இப்படித்தான், எல்லாம் என் பக்கமே போட்டானுவ…” என்று கதையை ஆரம்பித்தான்.

நாங்க. அரையிறுதியில் நான் வெளியே பெஞ்சில் தண்ணீர் பாட்டிலோடு இருந்தேன். அவன் யோசித்துச் சொல்லவில்லை. வாயில் சரியாக வந்தது. நான் அந்த ‘நாங்க’வுக்கு வெளியே நின்று கடைசிவரை கதையைக் கேட்டேன்.