வீட்டில் அவருக்கும் ஒரு பங்கு

அறிவுசார் குறைபாட்டோடு பிறந்த பிள்ளையை வளர்க்கும் பெற்றோரை ஒரு கேள்வி ஆயுள் முழுக்கத் துரத்துகிறது: எங்களுக்குப் பிறகு இவனை யார் பார்ப்பார்கள்? குளச்சலில் எங்கள் அம்மாவும் இதே கேள்வியோடுதான் கண்மூடினாள். அதற்குப் பின் அண்ணன் என் வீட்டுக்கு வந்தார். ஐம்பதை நெருங்கும் மனிதர். கணக்கு வராது; புது ஆட்களிடம் பேச நேரம் பிடிக்கும்.

ஊரார் பரிவோடு சொன்னார்கள்: "கடவுள் உன்னைக் கைவிட மாட்டாரு மக்கா." அந்தப் பரிவில் பொய் இல்லை. ஆனால் அந்தச் சொல்லில் அண்ணன் இல்லை, நான் மட்டுமே இருக்கிறேன். நான் கொடுப்பவன், அவர் வாங்குபவர். வீட்டுக்கு வருகிறவர்கள் அவர் எதிரிலேயே என்னிடம் கேட்பார்கள்: "அண்ணன் சாப்பிட்டாரா? ராத்திரி ஒறங்குவாரா?" பதில் சொல்லத் தெரிந்தவர் பக்கத்தில்தான் இருக்கிறார். கேள்வி அவரிடம் போவதில்லை.

எங்கள் கடற்கரையில் கரமடி வலை இழுக்க வலுவுள்ள இளைஞனும் வருவான், தளர்ந்த கிழவரும் வருவார். மடி கரையேறியதும் கயிற்றில் கை வைத்தவருக்கெல்லாம் மீன் உண்டு. அதை யாரும் தருமம் என்று சொல்வதில்லை. வீடும் அப்படி இருக்க வேண்டும் என்பதே என் எண்ணம். அண்ணன் தண்ணீர் பிடித்து வைப்பார், துணி மடிப்பார், மரச்சீனித் தொலி உரிப்பார். மெதுவாகத்தான் நடக்கும். நாமே செய்தால் சீக்கிரம் முடியும் என்று அவர் கையிலிருந்து வேலையைப் பிடுங்கினால், அவருடைய பங்கையும் சேர்த்தே பிடுங்கிவிடுகிறோம்.

வேலையில் பங்குள்ளவருக்கு முடிவிலும் பங்கு வேண்டும். எந்தச் சட்டை, எப்போது குளியல், அறைக் கதவைச் சாத்துவதா வேண்டாமா என்பதையெல்லாம் அவரே சொல்லட்டும். நான் 'வேண்டாம்' என்றால் அது விருப்பம். அவர் சொன்னால் பிடிவாதம் என்பது நியாயமில்லை.

இதனால் வாழ்க்கை லேசாகிவிடாது. தூக்கம் கெடும் இரவுகள் உண்டு. வெளியூர்க் கல்யாணத்துக்கு நானும் மனைவியும் சேர்ந்து போவது அரிது. பெரும்பாலான வீடுகளில் இந்தப் பாரம் ஒரு பெண்ணின் தோளில்தான் விழுகிறது. அன்பிருந்தால் எல்லாம் முடியும் என்பதை நான் நம்பவில்லை. மாற்றிக்கொள்ள ஆள் வேண்டும், ஓய்வு வேண்டும், பணம் வேண்டும். தமிழக அரசின் பராமரிப்பு உதவித்தொகை 2023இல் மாதம் 2,000 ரூபாயானது. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ் வந்த நிராமயா காப்பீடு, ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவு தருகிறது. 18 வயது கடந்தவருக்குச் சட்டப்படி காப்பாளரை நியமிப்பது, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழு. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் (2016) இன்னும் ஒரு படி மேலே போகிறது: காப்பாளர் தனியாக அல்ல, மாற்றுத்திறனாளியோடு கலந்தே முடிவெடுக்க வேண்டும், சமூகத்தின் நடுவே வாழ்வது அவர் உரிமை.

அந்த உரிமையின் பொருள் எனக்குச் சட்டம் வருவதற்கு முன்பே, 2004 டிசம்பர் 26 அன்று புரிந்தது. சுனாமியில் குளச்சல் நூற்றுக்கணக்கான உயிர்களை இழந்த ஞாயிற்றுக்கிழமை அது. கடல் ஊருக்குள் ஏறியபோது அண்ணனின் கையைப் பிடித்து மேட்டுக்கு இழுத்துக்கொண்டு ஓடியவர் எங்கள் வீட்டு ஆள் அல்ல, பக்கத்து வீட்டுக்காரர். அவர் வலை சரிசெய்யும் இடத்தில்தான் அண்ணன் தினமும் உட்கார்ந்திருப்பார். பெரும் சத்தம் கேட்டால் அண்ணன் ஓடமாட்டார், உறைந்து நின்றுவிடுவார் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. வெட்கப்பட்டு அம்மா மகனை வீட்டுக்குள்ளேயே வைத்திருந்தால் அது யாருக்கும் தெரிந்திருக்காது.

பெல்ஜியத்தின் கீல் என்ற ஊரில், மனநோயாலும் அறிவுசார் குறைபாட்டாலும் தவிப்பவர்களைச் சாதாரணக் குடும்பங்கள் தங்கள் வீடுகளில் ஏற்று வாழ்வது 13ஆம் நூற்றாண்டிலிருந்து தொடரும் வழக்கம். 1930களின் இறுதியில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் அங்கே அப்படி வாழ்ந்தார்கள். ஓர் ஊரே பழகிக்கொண்டால் அது முடியும் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டாம்.

அம்மாவின் கேள்விக்கு ஒரே ஒருவரின் பெயர் பதிலாகாது. நானும் ஒருநாள் இல்லாமல் போவேன். அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் பத்து வீடுகள் வேண்டும். பெற்றோரே, உங்கள் பிள்ளையைத் தெருவுக்கு அறிமுகப்படுத்துங்கள். காப்பாளர் மனுவையும் காப்பீட்டையும் நீங்கள் நலமாக இருக்கும்போதே முடித்துவிடுங்கள். பக்கத்து வீட்டாரே, அடுத்த முறை வரும்போது அவர் சாப்பிட்டாரா என்பதை அவரிடமே கேளுங்கள். பதில் வரும்வரை பொறுத்திருங்கள்.