இதனால என்ன பிரயோஜனம்?

சிற்றலை வானொலி கேட்பது என் பொழுதுபோக்கு என்று சொன்னால், அடுத்து வரும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "இதனால என்ன சார் பிரயோஜனம்?" கேட்பவர் மேல் எனக்குக் கோபமில்லை. உலகத்து நிலையங்கள் எல்லாம் கைபேசியில் சுத்தமாகக் கேட்கிற காலத்தில், மொட்டைமாடியில் கம்பி கட்டிக்கொண்டு இரைச்சலுக்கு நடுவே காதைத் தீட்டி உட்கார்ந்திருப்பவனிடம் வேறென்ன கேட்பார்கள்?

தெரியாதவர்களுக்காக ஒரு சுருக்கம். சிற்றலை என்பது 3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசை. இந்த அலைகள் மேலே போய், அயனிமண்டலத்தில் வளைந்து, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி மறுபடி தரையிறங்கும். பகலில் அயனிமண்டலத்தின் கீழடுக்கு, குறைந்த அலைவரிசைகளை விழுங்கிவிடும். பொழுது சாய்ந்ததும் அந்த அடுக்கு கரைந்துபோகும். அதனால்தான் 49 மீட்டர் வரிசை ராத்திரியில் உயிர்பெறுகிறது. ஒரு நிலையத்தைப் பிடித்ததும் தேதி, நேரம், அலைவரிசை, கேட்ட நிகழ்ச்சி எல்லாவற்றையும் குறித்து நிலையத்துக்கு எழுதிப்போட வேண்டும். நேரத்தைச் சர்வதேச நேரத்தில் எழுதணும். நம்ம நேரத்திலிருந்து ஐந்தரை மணி கழிக்கணும். விவரம் சரியாக இருந்தால் 'ஆமாம், நீங்கள் கேட்டது எங்களைத்தான்' என்று ஓர் அட்டை வரும். க்யூ.எஸ்.எல். அட்டை என்று பெயர். அவ்வளவுதான் பரிசு.

பிரயோஜனம் கேட்பவர்களுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் பதில்கள் உண்டு. பூகோளம் தெரியும், மனசு லேசாகும், மறுநாள் வேலை நன்றாக ஓடும். இப்படிச் சொல்லும்போது பொழுதுபோக்கை வேலைக்கு எடுபிடி ஆக்கிவிடுகிறோம். இன்னொரு பதில் கொஞ்சம் கம்பீரமானது: என்றைக்காவது உதவும். இதற்கு ரோஜா முத்தையாவைக் காட்டுவார்கள். கோட்டையூரில் நூல்கள், இதழ்கள், நாடக நோட்டீஸ்கள், அழைப்பிதழ்கள் என்று வாழ்நாளெல்லாம் சேர்த்தார். 1992-இல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்க, சென்னையில் அது ஆராய்ச்சி நூலகமானது. பெரிய விஷயம்தான். ஆனால் ஒரு ரோஜா முத்தையாவுக்குப் பின்னால், சேர்த்தவர் போனதும் பழைய பேப்பர் கடைக்கு எடைக்குப் போன சேகரிப்புகள் எத்தனையோ இருக்கும். எடைக்குப் போனதால் அவர்கள் வாழ்ந்த மாலைகள் வீண் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

என் அட்டைகளும் எடைக்குப் போகிறவைதான். அறிக்கையை எதிர்பார்த்திருந்த நிலையங்களே குறைந்துவிட்டன. ரேடியோ நெதர்லாந்து 2012-இல் சிற்றலையை விட்டது. 1941-இல் தொடங்கிய பிபிசி தமிழோசை 2017-இல் வானொலியில் நின்றுபோனது.

அப்படியானால் இதில் என்னதான் இருக்கிறது? அறிக்கையில் ஐந்து எண்கள் எழுதுவோம்: சமிக்ஞையின் வலிமை, பிற நிலையங்களின் குறுக்கீடு, இரைச்சல், ஒலி ஏறி இறங்குவது, மொத்தத் தரம். ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பு, ஐந்து மேல். புதிதாக வருகிறவர் நிலையத்தாரைச் சந்தோஷப்படுத்த 55555 என்று போடுவார். அந்தப் பாராட்டை வைத்து அங்குள்ள பொறியாளர் ஒன்றும் செய்ய முடியாது. கேட்டது 34333 என்றால் 34333 என்றுதான் எழுத வேண்டும். கேட்காமலே எழுதவும் வழி இருக்கிறது. நிகழ்ச்சி இணையத்தில் கிடைக்கிறது. பார்த்து எழுதிப்போட்டால் யார் கண்டுபிடிக்கப்போகிறார்கள்? அட்டையும் வரும். ஆனால் அந்த அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு என்ன பண்றது? அலுவலகத்தில் உண்மை பேசினால் லாபமோ நஷ்டமோ உண்டு, மேலே ஒருவர் பார்த்துக்கொண்டும் இருப்பார். இங்கே யாருமில்லை. கண்காணிப்பு இல்லாத இடத்தில் உள்ளதை உள்ளபடி எழுதிப் பழகுகிறோம். இந்த நேர்மை மற்ற விஷயங்களுக்கும் பரவும் என்று நான் வாதாடவில்லை. அதுவும் பிரயோஜனக் கணக்கே. அந்த ஒரு மணி நேரத்துக்கு அது தன்னளவில் போதும்.

இங்கேயே நிறுத்திக்கொண்டால் எனக்குச் சௌகரியம். ஆனால் அந்த ஒரு மணி நேரம் எங்கிருந்து வந்தது? அடுக்கு கரையும் அந்திநேரம்தான் பெரும்பாலான வீடுகளில் அடுப்பு பற்றவைக்கும் நேரம், பிள்ளைகளின் வீட்டுப்பாட நேரம். ஒருவர் மாடியில் கம்பியோடு இருந்தால், கீழே இன்னொருவர் இரண்டு பேர் வேலையைப் பார்க்கிறார்.

என் அம்மாவும் வானொலி கேட்டவர்தான். இலங்கை வானொலியின் அறிவிப்பாளர்களைக் குரலை வைத்தே சொல்லிவிடுவார். ஆனால் கை சும்மா இருக்க, உட்கார்ந்து அவர் கேட்டு நான் பார்த்ததில்லை. கீரை ஆய்வார், மாவு சலிப்பார், காது மட்டும் அங்கே இருக்கும். அதை யாரும் பொழுதுபோக்கு என்று சொன்னதில்லை. நம் வீடுகளில் பெண்களுக்கு அனுமதிக்கப்பட்ட ஆர்வங்களைப் பாருங்கள்: கூடை பின்னுவது, பூத்தையல், வடாம் பிழிவது. கடைசியில் வீட்டுக்கு ஒரு பொருள் வந்தாக வேண்டும். ஒன்றுக்கும் உதவாததைச் செய்யும் உரிமை ஆண்களிடம்தான் அதிகம் தங்கியிருக்கிறது.

ஆகவே ஒரு பொழுதுபோக்கு எதற்குப் பயன்படும் என்று கேட்பதைவிட, அதன் நேரத்தை யார் கொடுக்கிறார்கள் என்று கேட்பது நியாயம் என நினைக்கிறேன். பயனற்றதில் இவ்வளவு இருக்கிறது என்று நம்புகிறவன், வீட்டில் இன்னொருவருக்கு அதை மறுக்க முடியாது. மறுத்தால் அந்த ஐந்து எண்களில் மட்டும் காட்டும் நேர்மைக்கு அர்த்தமில்லை.

என் மனைவிக்குப் பழைய கடைகளின் பெயர்ப்பலகை எழுத்துகளை நோட்டில் வரைந்து பார்ப்பதில் பைத்தியம். ஞாயிற்றுக்கிழமை காலை அதற்கென்று கிளம்பிவிடுவாள். அன்றைக்குச் சமையல் என்னுடையது. இதுவரை எட்டு விதமான 'ழ' சேர்ந்திருக்கிறது. எதுக்கு என்று நான் கேட்டதில்லை. அரிசி களைஞ்சாச்சா என்றுதான் போனில் அவள் கேட்பாள்.